பதினொன்றாவது கட்டம்

அந்த வளாகத்தில் எழுபத்திரண்டு கடைகள். நாலு மாடி, ரெண்டு லிஃப்ட், ஓடும் நாளைவிட நிற்கும் நாளே அதிகமான ஒரு நகரும் படிக்கட்டு. காவலுக்கு ஆறு பேர். அந்த ஆறு பேருக்கும் கேமரா அறையிலிருந்து பேசும் கேமரா அக்காவின் குரல் தெரியும். முகம்? மேனேஜருக்குத் தெரியும், சாயங்காலம் நாலு மணிக்கு வந்து அவளிடமிருந்து நாற்காலியை வாங்கிக்கொள்ளும் அடுத்த ஷிப்டுக்காரருக்குத் தெரியும். அவ்வளவுதான். ஒன்பது வருஷமாக ஒரே இடத்தில் வேலை பார்க்கிறவளின் முகம் ரெண்டே பேருக்குத்தான் தெரியும் என்றால் நம்புவீர்களா? எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

காலை ஏழே முக்காலுக்கு, கடைகள் திறக்கும் முன்பே, வண்டிகள் இறங்கும் சரிவு வழியாக அவள் அடித்தளத்துக்குப் போய்விடுவாள். மின்சார போர்டு அறையைத் தாண்டி ஒரு கதவு. கதவைத் திறந்தால் எட்டடிக்கு ஏழடி. ஜன்னல் கிடையாது. ஒரு மேசை, அதன்மேல் ரெண்டு திரை, திரைக்கு எட்டு வீதம் பதினாறு கட்டம், கட்டத்துக்கு ஒரு கேமரா. மேசையோடு வயர் போட்டுப் பிணைத்த ஒரு பெரிய வாக்கி-டாக்கி. இயந்திரங்கள் சூடாகிவிடக் கூடாது என்று ஏசியை எந்நேரமும் பதினெட்டில் வைத்திருப்பார்கள். உள்ளே உட்கார்ந்திருக்கும் மனுஷி உறைந்துபோனால் பரவாயில்லை, இயந்திரம் சூடாகக் கூடாது! அதனால் வெளியே வெயில் கொளுத்தினாலும் அவள் ஒரு தடித்த பழுப்பு ஸ்வெட்டரோடுதான் இருப்பாள். சாப்பாடும் அங்கேயே, திரையைப் பார்த்தபடியே.

ஒன்பது மணிக்கு வாக்கியில் ஒவ்வொரு வாசலாகக் கூப்பிடுவாள். அவர்களுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கம் இல்லை, யார் எங்கே நிற்கிறாரோ அதுதான் பெயர்.

"முன்வாசல், கேக்குதா?"

"கேக்குது."

"பார்க்கிங், கேக்குதா?"

"ம்."

"பின்வாசல், கேக்குதா?"

"கேக்குது அக்கா, நல்லாக் கேக்குது."

அந்த 'நல்லா'வை பின்வாசல்காரர் ஒருவர்தான் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த நாலு வருஷமாகத் தவறாமல் சொல்கிறார். சில நாள்களில் அன்றைக்கு முழுக்க அவள் காதில் விழுந்த நல்ல வார்த்தை அது ஒன்றுதான். சொல்ல வெட்கமாக இருந்தாலும் உண்மை அதுதான்.

ஆனால் அவளுக்கு எல்லோரையும் தெரியும். மூன்றாவது கட்டத்துச் செருப்புக் கடைக்காரர், வாங்க வந்தவர் வெளியே போனதும் கண்ணாடியில் தன் முடியைச் சரிசெய்துகொள்வார், இருக்கிற நாலு முடிக்கு அத்தனை கவனிப்பு. ஏழாவது கட்டத்துப் பொம்மைக் கடைப் பெண், ஆள் இல்லாத நேரத்தில் பெரிய கரடி பொம்மையிடம் ஏதோ புலம்புவாள். "அடியே, சாப்பிடுற நேரத்துலயாவது அந்த போனைக் கீழ வை" என்று கேமரா அக்கா இங்கிருந்து திட்டுவாள். "ஏன்யா, குழந்தை கையை விடாதய்யா, படிக்கட்டு வருது" என்று பதறுவாள். யாருக்குக் கேட்கப்போகிறது? அவர்கள் பாட்டுக்கு நடந்துகொண்டே இருப்பார்கள்.

அவள் கணவர் இதே வளாகத்தில் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். நெஞ்சுவலியில் அவர் போன பிறகு, பாவம் பார்த்து அவளுக்கு இந்த நாற்காலியைக் கொடுத்தார்கள். ஒரே மகள் கல்யாணமாகி வெளிநாட்டில் இருக்கிறாள். அவள் வாரத்துக்கு ரெண்டு தடவை வீடியோவில் கூப்பிடுவாள், பேசிக்கொண்டே வேறெங்கோ பார்ப்பாள். கேமரா அக்கா வேலை முடிந்து வீட்டுக்குப் போனால் ஓர் அறை, ஒரு சமையலறை, கையில் போன். பேத்தியின் பழைய வீடியோக்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தபடியே தூங்கிப்போவாள். ஆகக் காலையில் பதினாறு கட்டம், மாலையில் ஒரு கட்டம்.

கண் மக்கர் பண்ணத் தொடங்கியது போன வருஷம். முதலில் எரிச்சல், பிறகு மணலை அள்ளிப் போட்டதுபோல் ஓர் உறுத்தல். மதியத்துக்கு மேல் எழுத்துகள் கலங்கும். தலை பின்பக்கம் விண்விண்ணென்று வலிக்கும். வயசாகிறது, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, கண்ணைத் தேய்த்துத் தேய்த்து நாள்களை ஓட்டினாள். ஒரு நாள் மூன்று மணிவாக்கில் வாக்கியை அமுக்கிக் கத்தினாள்: "முன்வாசல், முன்வாசல்! ரெண்டு பேர் ரெண்டு ஏணியைத் தூக்கிட்டு ஓடுறாங்க, பிடிங்க!"

பிடித்துப் பார்த்தால் ஓர் ஆள், ஓர் ஏணி. பெயின்ட் அடிக்க வந்தவர். ஓடவும் இல்லை, நடந்துதான் போயிருக்கிறார்.

வாக்கியில் ஆறு காவலர்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அக்கா, இன்னொரு ஏணியை எங்க ஒளிச்சு வச்சீங்க?" என்றார் பார்க்கிங்காரர். அந்தச் சிரிப்பில் அவளும் கலந்துகொண்டாள். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் நோட்டீஸ் ஒட்டிவிட்டார். கேமரா அறையில் உட்காருகிறவர்களுக்கு முப்பது நாள் கழித்துக் கண் பரிசோதனை, தேறாதவர்களுக்கு அந்த வேலை கிடையாது, வேறு வேலையும் இப்போதைக்குக் காலி இல்லை. ஒன்பது வருஷமாக "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாருங்க" என்று சொல்லியே கண்ணைத் தேய்த்துவிட்டு, இப்போது பரிசோதனையாம்!

கேமரா அக்கா அந்த நோட்டீஸை ரெண்டு தடவை படித்தாள். சம்பளம் போய்விடுமே என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய பயம் வேறு. இந்த நாற்காலி போய்விட்டால் செருப்புக் கடைக்காரர் கிடையாது, பொம்மைக் கடைப் பெண் கிடையாது, 'நல்லாக் கேக்குது' கிடையாது. காலையில் எழுந்து பேச ஒரு சுவர்கூட இருக்காது. இங்கே பேச்சு ஒருவழிப் பாதைதான் என்றாலும், பேசிக்கொண்டாவது இருக்கிறாள். வீட்டில் தன் இருமல் சத்தமே தனக்கு அந்நியமாகக் கேட்கும்.

அடுத்த விடுமுறை நாளில் கண் மருத்துவமனைக்குப் போனாள். பரிசோதித்த பெண்ணுக்கு மிஞ்சினால் இருபத்தைந்து வயசு இருக்கும். எழுத்தைப் படிக்கச் சொன்னாள், வெளிச்சம் அடித்துப் பார்த்தாள், கண்ணோரத்தில் ஒரு தாள் துண்டை வைத்து ஈரத்தை அளந்தாள்.

"பவர் ஒண்ணும் மாறலைம்மா. கண்ணுல நோயும் இல்ல. அசதி, அதோட வறட்சி. நீங்க இமைக்கவே மாட்டேங்கிறீங்க."

"இமைக்காம எப்படிம்மா இருப்பேன்? நான் என்ன பொம்மையா?"

"இப்ப என்கிட்ட பேசுறப்போ நல்லா இமைக்கிறீங்க. திரையை உத்துப் பாக்குறப்போ யாருக்கும் அது குறைஞ்சுபோயிடும். உங்களுக்கோ ஒண்ணையும் விட்டுடக் கூடாதுங்கிற வேலை. கேக்கணுமா?"

பிறகு பொறுமையாகச் சொன்னாள். கண்ணைத் தேய்க்கக் கூடாது. திரை ஒரு கை நீளத்துக்குக் கிட்டே வரக் கூடாது, அதன் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே இருக்க வேண்டும். திரையின் வெளிச்சத்தை அறைக்குத் தக்கபடி குறைக்க வேண்டும். ஏசிக் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. சொட்டு மருந்து விட வேண்டும், நினைவு வைத்துக்கொண்டு இமைகளை முழுசாக மூடித் திறக்க வேண்டும். வீட்டிலாவது போனைக் கீழே வைக்க வேண்டும். எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்று: இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை, குறைந்தது இருபதடி தூரத்தில் இருக்கும் எதையாவது இருபது விநாடி பார்க்க வேண்டும்.

"கிட்டத்துல இருக்கிறதைப் பாக்கப் பாக்க உள்ள இருக்கிற தசை இறுகிட்டே இருக்கும்மா. தூரத்தைப் பாத்தாதான் தளரும்."

கேமரா அக்கா அத்தனையையும் ஒரு பில்லின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். மறுநாளிலிருந்து ஒன்றைக்கூட விடவில்லை. மேசையில் திரைகளைப் பின்னுக்குத் தள்ளினாள். செருப்புக் கடைக்காரர் குப்பையில் போட்ட அட்டைப் பெட்டியைக் கிழித்து ஏசி வாயில் ஒட்டிக் காற்றைத் திருப்பிவிட்டாள். வேளா வேளைக்குச் சொட்டு மருந்து. மகளிடம், "இனிமே வீடியோ வேண்டாம்மா, குரல் மட்டும் போதும், கண்ணு வலிக்குது" என்றாள். குரல் மட்டும் என்றதும் பேச்சு நாலு நிமிஷத்தில் முடிந்துவிட்டது. பேத்தியின் வீடியோக்களைப் பார்க்காமல் இருக்கப் போனை அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்தாள். அந்தச் சாயங்காலங்களை எப்படிக் கழித்தாள் என்று என்னைக் கேட்காதீர்கள். துவைத்த துணியையே திரும்பத் துவைத்தாள்.

இருபதடி தூரம்தான் கொஞ்சம் யோசிக்க வைத்தது. அறையே எட்டடி. கதவைத் திறந்தால் நாலடியில் போர்டு அறைச் சுவர், பக்கத்தில் மேலே ஏறும் படிக்கட்டு. எழுந்து போகவும் முடியாது, நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பது சட்டம். யோசித்துக்கொண்டே திரையைப் பார்த்தவளுக்குப் பளிச்சென்று வழி தெரிந்தது. பதினொன்றாவது கட்டம்!

பின்வாசல் சுவரில் உயரத்தில் மாட்டிய கேமரா அது. கீழ் மூலையில் பின்வாசல்காரரின் தொப்பியின் மேல்பக்கம் தெரியும். அவர் தன் பிஸ்கட்டில் பாதியைப் போடும் நாய் தெரியும். அதற்கு அப்பால் சாலை, சாலையைத் தாண்டி வெறும் மைதானம், மைதானத்தின் கோடியில் நாலு கால்களில் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டி. பதினாறு கட்டங்களில் வானம் தெரியும் ஒரே கட்டம் அதுதான். இருபதடி என்ன, முந்நூறு அடி இருக்கும்!

போனில் அலாரம் வைத்துக்கொண்டாள். இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை டிங். உடனே பதினொன்றாவது கட்டத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கி, முதுகை நிமிர்த்தி, தண்ணீர்த் தொட்டியை இருபது எண்ணும்வரை பார்ப்பாள். தூரம் சரியாகத் தெரிய வேண்டும் என்று முகத்தைக் கொஞ்சம் கிட்டே வேறு கொண்டுபோவாள். அடடா, என்ன ஒரு சிரத்தை! மூன்று வாரம் ஒரு டிங் தவறவில்லை.

கண் கொஞ்சமும் தேறவில்லை. உறுத்தல் லேசாகக் குறைந்தது, அவ்வளவுதான். மூன்று மணிக்கு மேல் அதே கலங்கல், அதே தலைவலி. பரிசோதனைக்கு ஆறு நாள் இருக்கும்போது, அன்று தனக்குக் கிடைத்த விடுமுறையில் மறுபடி அந்தப் பெண்ணிடம் போய் நின்றாள். குரலில் கொஞ்சம் கோபமும் இருந்தது.

"நீ சொன்ன எல்லாத்தையும் செஞ்சேன்மா. ஒண்ணுகூட விடல."

"தூரமாப் பாத்தீங்களாம்மா?"

"பாக்காம? தண்ணித் தொட்டியைப் பாத்தேன். முந்நூறு அடி இருக்கும்."

"நல்லது. ஆனா போன தடவை உங்க ரூமுக்கு ஜன்னலே இல்லன்னு சொன்னீங்களே?"

"ஜன்னல் எதுக்கு? பதினோராவது கேமராவுலதான் நல்லாத் தெரியுதே."

அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா... தொட்டி முந்நூறு அடியில இருக்கு. நீங்க பாத்த திரை எத்தனை அடியில இருக்கு?"

கேமரா அக்கா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். "ரெண்..." என்றவள் அப்படியே நிறுத்திக்கொண்டாள்.

"உங்க கண்ணுக்கு என்ன தெரியும்மா? அது பாத்தது ரெண்டடியில இருக்கிற கண்ணாடியை. தசை இறுக்கமாவே இருந்திருக்கும். மன்னிச்சுக்கோங்க, சிரிச்சிருக்கக் கூடாது."

"சிரிம்மா சிரி. தாகத்துக்குத் தண்ணிப் படத்தை நக்கிட்டு இருந்திருக்கேன். நானே சிரிக்கணும்."

அவளும் சிரித்துவிட்டாள். வெளியே வந்து பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் அழுகை முட்டியது. தொட்டியை மட்டும்தானா அப்படிப் பார்த்தாள்? செருப்புக் கடைக்காரரை, கரடியிடம் புலம்பும் பெண்ணை, பேத்தியை, மகளை? எல்லோரையும் கிட்டே இருப்பதாக நினைத்துக்கொண்டு ரெண்டடியில் ஒரு கண்ணாடியைத்தானே இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாராவது கவனிப்பார்களே என்று முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் கேட்டாள். மணிக்கு மூன்று தடவை ஒரே ஒரு நிமிஷம் மேலே போய் வரட்டுமா?

"நாற்காலி ஒரு நிமிஷம் காலியா இருந்தா பதினாறு கேமராவும் குருடு. அப்புறம் ஏதாவது நடந்துச்சுன்னா யார் பதில் சொல்றது? முடியலன்னா சொல்லுங்க, வேற ஆள் பாத்துக்கிறேன்."

முடியவில்லை என்று எப்படிச் சொல்வாள்? முடிகிறது என்று காட்டத்தானே இத்தனை பாடு. "சரி சார்" என்று வந்து உட்கார்ந்தாள். அலாரம் டிங் என்றது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, அனுமதி இல்லாமல் நாற்காலியை விட்டு எழுந்து, கதவைத் திறந்து, இருபத்திரண்டு படி ஏறிப் பின்பக்கக் கதவைத் தள்ளினாள்.

வெயில் கண்ணைக் குத்தியது. குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் நின்று நிமிர்ந்தாள். தண்ணீர்த் தொட்டி! இதற்குப் பச்சை வண்ணம் அடித்திருக்கிறார்களா? கேமராவில் சாம்பல் நிறமாகத்தானே தெரிந்தது. அதன்மேல் பறவைகள் வேறு உட்கார்ந்திருந்தன. கண்ணுக்குள் முடிச்சு ஒன்று மெல்ல அவிழ்ந்ததுபோல் இருந்தது. இருபது எண்ணினாள். பத்து தடவை கண்ணை இறுக்க மூடித் திறந்தாள். கண்ணீர் வழிந்தது, துடைக்காமல் கீழே ஓடினாள். மொத்தம் ஒன்றரை நிமிஷம். பதினாறு கட்டத்திலும் ஒன்றும் குடிமுழுகிப் போய்விடவில்லை.

அன்றைக்கு மூன்று மணிக்குக் கண் கலங்கவில்லை. மறுநாளும் கலங்கவில்லை. மூன்றாம் நாள் காலை பதினொன்று இருக்கும், அப்போதுதான் மேலேயிருந்து வந்து உட்கார்ந்திருந்தாள். மேசை வாக்கி கரகரத்தது.

"கேமராக்கா, பின்வாசல் பேசுறேன். பதினொண்ணைப் பாருங்க. ஒரு அம்மா மூணு நாளா வந்து வந்து நிக்கிறாங்க. கொளுத்துற வெயில்ல ஸ்வெட்டர் போட்டிருக்காங்க. எதிர்ல இருக்கிற தொட்டியையே வெறிச்சுப் பாக்குறாங்க. அப்புறம் கண்ணைக் கண்ணைச் சிமிட்டுறாங்க. யாருன்னு கேக்கலாம்னு கிட்ட போறதுக்குள்ள உள்ள ஓடிடுறாங்க."

கேமரா அக்காவின் கை வாக்கிப் பொத்தானுக்குப் போனது. பதில் சொல்வதற்குள் மேனேஜரின் குரல் குறுக்கே வந்தது. அவர் மேசையிலும் ஒரு வாக்கி உண்டு.

"சிமிட்டுறாங்களா? யாருக்கு? தொட்டி மேல எவனாவது இருக்கானா பாருய்யா!"

"தொட்டி மேல புறாதான் சார் இருக்கு."

"கிண்டலா? அடுத்த தடவை வந்தா நிறுத்தி விசாரி. நோட்டுல எழுது. கேமரா ரூம், அந்தப் பொம்பளையோட படத்தை எடுத்து வைங்க, சாயங்காலம் வந்து பாக்குறேன்."

"சரி சார்" என்றாள் கேமரா அக்கா. வேறென்ன சொல்வது?

மேனேஜர் பேசி ஓய்ந்ததும் பின்வாசல்காரரின் குரல் தணிந்து வந்தது. "அக்கா, எனக்கென்னமோ திருட வந்தவங்க மாதிரி தெரியல. அழுதுட்டே நிக்கிறாங்க. பாவம், யாருமில்லாதவங்க மாதிரி இருக்கு."

அவள் அமுக்கிய பொத்தானை விட்டுவிட்டாள்.

பிறகு, சொன்ன வேலையைச் செய்ய வேண்டுமே என்று பதிவைப் பின்னுக்கு ஓட்டினாள். பதினொன்றாவது கட்டத்தில் கதவு திறந்தது. குள்ளமாக ஒரு பெண் வெளியே வந்தாள். தோள்கள் சரிந்திருந்தன, முடி பாதிக்குமேல் நரைத்திருந்தது. ஸ்வெட்டரின் ஒரு பக்கம் கீழே தொங்கியது, பொத்தானை மாற்றிப் போட்டிருக்கிறாள். ஐயோ, யார் பெற்ற பிள்ளையோ, இப்படி நிற்கிறதே என்று ஒரு கணம் இரக்கமாக இருந்தது. அடுத்த கணம் குனிந்து தன் ஸ்வெட்டரைப் பார்த்தாள். பொத்தான் மாறித்தான் இருந்தது. ஊரையெல்லாம் பார்த்தவள் தன்னைப் பார்த்தது அன்றைக்குத்தான். மூன்று நாள் கவனித்த பின்வாசல்காரர், யாருமில்லாதவள் மாதிரி என்று சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

அலாரம் டிங் என்றது.

போகாவிட்டால் இன்றைக்கு மாட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் படம் இருக்கிறது, சாயங்காலம் மேனேஜர் பார்ப்பார். படத்தை எடுக்க முடியவில்லை என்று ஏதாவது சொல்லித் தப்பித்தாலும், இனி மேலே போக முடியாது. பரிசோதனைக்கு இன்னும் மூன்று நாள். போனால் கையும் களவுமாகப் பிடிபடுவாள். இத்தனையும் கணக்குப் போட்டாள்தான். ஆனாலும் அவளை எழுப்பிவிட்டது அந்தக் கணக்கு இல்லை. ஒருவர் தன்னைக் கவனித்திருக்கிறார். அழுவதைக்கூடப் பார்த்திருக்கிறார். அந்த மனுஷனுக்கு முன்னால் ஒரு தடவை போய் நிற்க வேண்டும்போல் இருந்தது. ஸ்வெட்டர் பொத்தானைச் சரியாகப் போட்டுக்கொண்டு படியேறினாள்.

பரிசோதனை என்னவானது என்று இடையில் தவிக்காதீர்கள், சொல்லிவிடுகிறேன். கடைசிக்கு முந்தின வரிவரை தடுமாறாமல் படித்தாள், நாற்காலி தப்பித்தது. ஆனால் அவளைக் கேட்டால் அந்த நாளைப் பற்றி ஒன்றும் நினைவில்லை என்பாள். இந்த நாளைத்தான் சொல்வாள்.

கதவுக்கு வெளியே அவர் தயாராக நின்றிருந்தார். கையில் நோட்டு, பேனா. தொப்பிக்குக் கீழே இப்படி ஒரு முகம் இருக்கிறதா என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. நரைத்த புருவம், சிரித்துப் பழகிய வாய்.

"நில்லுங்கம்மா, பயப்படாதீங்க. யாரு நீங்க? யாரைப் பாக்க வந்தீங்க?"

யாரென்று சொல்வது? கேமரா அறை என்றா? அதைச் சொன்னால் நோட்டில் ஏறும். அவர் பேனாவைத் திறந்து காத்திருந்தார். ஒன்பது வருஷமாகத் தினமும் சொல்லிப் பழகியது எதுவோ அதுவே வாயில் வந்தது.

"பின்வாசல், கேக்குதா?"

அவர் கை தானாக இடுப்புக்குப் போனது. வாக்கியை எடுத்து வாயருகே வைத்துப் பொத்தானை அமுக்கினார். "கேக்குது அக்கா, நல்லாக் கேக்குது. அந்த அம்மாவைப் பிடிச்சுட்டேன், இங்கதான் என் முன்னாடி நிக்கி..."

பாதியில் நின்றுவிட்டார். வாக்கியைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"பிடிச்சாச்சா?" என்று வாக்கிக்குள் மேனேஜர் குதித்தார். "யாருய்யா அது?"

"கண்ணு போகுதுங்க" என்றாள் அவள் தாழ்ந்த குரலில், அவசர அவசரமாக. "தூரமாப் பாக்கணும்னு சொன்னாங்க. கீழே ஜன்னல் இல்ல. மூணு நாள்ல டெஸ்ட். போயிடுச்சுன்னா எனக்கு வேற போக்கிடம் இல்ல."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். வேர்த்து வழிந்த நெற்றி, ஸ்வெட்டர், சிவந்த கண். நோட்டை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

"நம்ம ஆளுதான் சார்."

"நம்ம ஆளுன்னா? எந்தக் கடை?"

"எனக்கு நாலு வருஷமாத் தெரிஞ்சவங்க சார். நான்தான் அடையாளம் தெரியாம விட்டுட்டேன். இனிமே நான் பாத்துக்கிறேன்."

"நல்ல ஆளுய்யா நீ. சரி, அப்ப படம் வேண்டாம். கேமரா ரூம், படம் வேண்டாம், கேட்டுச்சா?"

கேமரா அறையில் யார் இருக்கிறார்கள் பதில் சொல்ல? வாக்கி இரைந்துகொண்டே இருந்தது.

"கேமரா ரூம்?"

பின்வாசல்காரர் தன் வாக்கியை அவள் கையில் வைத்தார். வேர்வைப் பிசுபிசுப்போடு அது சூடாக இருந்தது. அவள் அமுக்கினாள். "கேட்டுச்சு சார்."

வாக்கியைத் திருப்பிக் கொடுத்தாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே, "நான் உங்களை நல்ல உயரமா நினைச்சிருந்தேன் அக்கா" என்றார்.

"நான் உங்களுக்கு மீசை இருக்கும்னு நினைச்சிருந்தேன்."

"இன்னும் நீங்க தொட்டியைப் பாக்கலையே. பாருங்க பாருங்க, உதட்டை அசைச்சு ஏதோ எண்ணுவீங்களே, எண்ணி முடிங்க. நான் கதவைப் பிடிச்சுக்கிறேன்."

அவள் பார்த்தாள். இருபது எண்ண வேண்டியவள் எண்ணிக்கையை விட்டுவிட்டாள். பிறகு பதறிக்கொண்டு கீழே ஓடினாள்.

நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கியபடி பதினாறு கட்டத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். செருப்புக் கடைக்காரர் முடியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பொம்மைக் கடைப் பெண் கரடியோடு இருந்தாள். யாரும் இவள் பக்கம் திரும்பவில்லை, என்றைக்கும் திரும்பியதில்லை. பதினொன்றாவது கட்டத்தில் மட்டும் ஒரு தொப்பி சுவரை விட்டு விலகி நகர்ந்தது. அவர் நாலைந்து அடி தள்ளிப் போய்த் திரும்பி, தொப்பியைக் கழற்றி, தலையை அண்ணாந்து நேராகக் கேமராவைப் பார்த்தார். வாக்கி கரகரத்தது.

"அக்கா, நான் தெரியுறேனா?"

சொட்டு மருந்து, இமை, கை நீளம் எல்லாம் மறந்து திரைக்கு மிகக் கிட்டே போய்ப் பார்த்தாள்.

"தெரியுறீங்க" என்றாள். "நல்லாத் தெரியுறீங்க."

அவர் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். கேமரா அக்கா நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, போனை எடுத்து நேரத்தைப் பார்த்தாள். அடுத்த டிங்குக்கு இன்னும் பதினேழு நிமிஷம் இருந்தது.